திராட்சை விற்றவரும் எண்ணெய் விற்றவரும்

திராட்சைப் பழம் ஹலாலான பொருள். அதைப் பயிரிடுவதும், பறிப்பதும், சந்தையில் கொண்டுபோய் விற்பதும் ஹலால். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், வாங்க வந்து நிற்பவர் அதைப் பிழிந்து மது தயாரிப்பவர் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும் என்று வைத்துக் கொள்வோம். அப்பொழுது அவ்விற்பனையின் சட்டம் என்ன?

மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் வியாபாரப் பாடத்திற்கு வந்ததும் இந்த மஸ்அலாவைச் சந்திக்காமல் போவதில்லை. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவிலும் இது உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜிலும் உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதில் குற்றமில்லை என்றார்கள். விற்கப்படும் பழச்சாற்றில் பாவம் ஒட்டிக் கொண்டிருக்கவில்லை. வேறொருவர் தம் சுயவிருப்பத்தால் அதை உருமாற்றிய பிறகே பாவம் உண்டாகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் ஆசிரியரோடு உடன்படவில்லை. இது பாவத்திற்குத் துணை போவதாகும், ஆதலின் மக்ரூஹ் என்றார்கள். ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் விற்பவருக்கு என்ன தெரியும் என்பதைக் கொண்டு பிரித்தார்கள். வாங்குபவர் மதுவாக்குவார் என்று உறுதியாகத் தெரிந்தால், அல்லது உள்ளம் அப்படியே வலுவாக எண்ணினால், ஹராம். வெறும் சந்தேகம்தான் என்றால் மக்ரூஹ். ஹன்பலிகள் இன்னும் ஒரு படி சென்று, தெரிந்தே விற்றால் அந்த வியாபாரமே செல்லாது என்றார்கள்.

இதே இடத்தில் இன்னொரு மஸ்அலாவும் வரும். குழப்பக் காலத்தில் கலகக்காரரிடம் ஆயுதம் விற்பதை ஹனஃபி நூல்களும் விலக்குகின்றன. திராட்சைக்கும் வாளுக்கும் என்ன வேறுபாடு? திராட்சையை உருமாற்றினால்தான் அது மதுவாகும். வாளை யாரும் உருமாற்ற வேண்டியதில்லை. அது இருக்கிறபடியே தீங்கிற்குப் பயன்படும்.

இவ்வளவு பழைய மஸ்அலாவை இப்பொழுது எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன், ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், பொறியியல் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், வீண் விரயம் கூடாது, போதும் என்ற மனம் வேண்டும் என்று மிம்பரில் சொல்கிறீர்கள். ஆனால் செல்வ நாடுகள் பசுமைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, எந்த வசதியையும் குறைக்காமல், பூமியையும் கெடுக்காமல் வளர்ந்து காட்டுகின்றனவே! நார்வேயைப் பாருங்கள். இனி போதும் என்ற மனம் எதற்கு?”

நியாயமான கேள்வி. இதை உபதேசத்தால் மூடிவிட முடியாது. நார்வேயைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஐரோப்பாவின் வடகோடியில் சுமார் 56 லட்சம் மக்கள் வாழும் நாடு அது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு 98 பங்கு நீர்வீழ்ச்சியிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. அதிலும் பெரும்பகுதி நீர்மின்சாரம். 2024ஆம் ஆண்டில் அங்கு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், சாலையில் உள்ள பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையை மின்சாரக் கார்களின் எண்ணிக்கை தாண்டிவிட்டது. இது தானாக நடந்ததன்று. மின்சாரக் கார்களுக்கு 1990ஆம் ஆண்டு தொடங்கிக் கொள்முதல் வரியை விலக்கினார்கள். 2001இல் விற்பனை வரியையும் விலக்கினார்கள். சுங்கச்சாவடிகளில் சலுகை கொடுத்தார்கள். பஸ்களுக்கென ஒதுக்கிய பாதையில் செல்லவும் அனுமதித்தார்கள். முப்பது ஆண்டுக் காலம் ஆட்சிகள் மாறியும் கொள்கை மாறாமல் நின்றதால் வந்த பலன் இது.

அவர்களிடம் நான் மிகவும் மெச்சுவது காரை அன்று. எண்ணெய்ப் பணத்தை அவர்கள் வைத்திருக்கும் முறையை. 1969ஆம் ஆண்டு இறுதியில் வடகடலில் எக்கோஃபிஸ்க் என்ற இடத்தில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் எண்ணெய் வரத் தொடங்கிற்று. திடீர்ச் செல்வம் வந்த நாடுகள் என்ன செய்யும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். நார்வே 1990இல் ஒரு சட்டம் இயற்றி, எண்ணெய் வருமானத்தைத் தனி நிதியாக ஒதுக்கியது. 1996இல் முதல் தொகை அதில் சேர்ந்தது. 2024 முடிவில் அந்நிதியின் மதிப்பு அந்நாட்டு நாணயத்தில் 19 லட்சம் கோடி குரோனருக்கும் அதிகம். உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள கம்பெனிகளின் மொத்தப் பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை அந்நிதிக்குச் சொந்தம். இதிலிருந்து அரசாங்கம் சராசரியாக ஆண்டுக்கு 3 சதவீத அளவே செலவிடலாம் என்பது விதி. அசலில் கை வைக்காமல் விளைச்சலை மட்டும் செலவிட வேண்டும். அசல் இனி பிறக்கப் போகும் சந்ததிக்கும் சேர்த்துச் சொந்தம் என்பது இதன் பொருள். வக்ஃபுச் சொத்தைப் பற்றி நம் நூல்கள் விதித்திருப்பதும் இதுவே அன்றோ! நம் ஊர்களில் வக்ஃபு நிலங்கள் போன வழியை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு, இந்த நிர்வாகத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆக, இவர்கள் ஊதாரிகள் அல்லர்; வேஷக்காரர்களும் அல்லர். ஆகவேதான் இவர்களின் கணக்கைப் பார்ப்பது பயனுள்ளது. ஊதாரியின் கணக்கைப் பார்த்து நாம் அறிந்து கொள்ளப் போவது ஒன்றுமில்லை.

2023ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் எல்லைக்குள் வெளியான கரியமிலவாயு முதலிய வெப்ப வாயுக்கள் சுமார் 4 கோடியே 66 லட்சம் டன். 1990ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. இத்தனை அணைகள், இத்தனை மின்சாரக் கார்கள், இத்தனை செல்வம் இருந்தும் முப்பத்து மூன்று ஆண்டுகளில் குறைந்தது அவ்வளவே. ஏன்? கடலிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலையே அந்நாட்டுப் புகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கிற்குக் காரணம். அந்த எடுக்கும் வேலையையும் இப்பொழுது பசுமையாக்கி வருகிறார்கள். 2019இல் உற்பத்தி தொடங்கிய யோஹான் ஸ்வெர்ட்ருப் என்ற பெரிய எண்ணெய் வயலுக்குக் கரையிலிருந்து கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் போகிறது. நீர்வீழ்ச்சியின் சுத்தமான மின்சாரத்தைக் கொண்டு எண்ணெய் எடுக்கிறார்கள். எடுக்கும்போது புகை மிகக் குறைவு. எடுத்த எண்ணெயோ கப்பலேறிப் பிற நாடுகளில் எரிகிறது.

இங்கேதான் நம் திராட்சை மஸ்அலா வந்து நிற்கிறது. நார்வே எடுக்கும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அது பிற நாடுகளில் எரியும்போது எழும் புகை, அந்நாட்டின் சொந்தப் புகையைப் போல் பல மடங்கு. பத்து மடங்கு என்பது வழக்கமாகக் கூறப்படும் மதிப்பீடு. ஆனால் அது நார்வேயின் கணக்கில் வராது. 1992ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட முறைப்படி, எந்த நாட்டின் எல்லைக்குள் எரிகிறதோ அந்த நாட்டின் பெயரில்தான் எழுதப்படும். இந்த விதியைச் சூழ்ச்சி என்று சொல்லிவிடலாகாது. ஒரே புகையை விற்றவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் இரு முறை எழுதினால் உலகக் கணக்கு குழம்பிவிடும் என்பதற்காக ஏற்பட்டது அது. கணக்குப்பிள்ளைக்கு அது போதும். மனச்சாட்சிக்குப் போதுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி என் கற்பனை அன்று. நார்வே மக்களே அதைத் தங்கள் நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு, நல்ல சுற்றுச்சூழல் மக்களின் உரிமை என்றும், வருங்காலச் சந்ததிக்கும் அது காக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 2016ஆம் ஆண்டு பேரண்ட்ஸ் கடலில் எண்ணெய் தேட அரசு புதிய உரிமங்களை வழங்கியபோது, சுற்றுச்சூழல் அமைப்புகள் இப்பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்தன. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உரிமங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பதினைந்து நீதிபதிகளில் பதினொருவர் அவ்வாறு கூற, நால்வர் மாறுபட்டார்கள்: வெளிநாட்டில் எரியப் போகும் எண்ணெயின் விளைவை முன்னதாக ஆராயாதது குறைபாடு என்றார்கள். பின்னர் காற்று மெல்லத் திரும்பிற்று. 2024 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம், மூன்று எண்ணெய் வயல்களுக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்றது. விற்ற எண்ணெய் எரிவதால் வரும் விளைவை அரசு ஆராயவில்லை என்பதே காரணம். அரசு மேல்முறையீடு செய்தது. 2025 மே மாதம் இஃப்டா நீதிமன்றம், எண்ணெய் எரிந்து எழும் புகையும் அதை எடுக்கும் திட்டத்தின் விளைவுகளில் ஒன்றே என்று விளக்கம் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பேரண்ட்ஸ் கடல் உரிமங்களில் நார்வே உரிமை மீறல் செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது. எனினும், எண்ணெய் எடுக்க அனுமதிக்கும் முன் எரியும் புகையையும் ஆராய்ந்தாக வேண்டும் என்று அதுவும் கூறிற்று.

ஒருபுறம், எரிப்பவர் வேறொருவர், அவருக்குச் சுயவிருப்பம் உண்டு என்ற வாதம். மறுபுறம், எரிப்பதற்கென்றே வாங்குகிறார் என்று தெரிந்தே விற்றாய் என்ற வாதம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சபையில் ஆசிரியரும் மாணவர்களும் எதிரெதிரே நின்ற அதே இடத்தில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின், ஷரீஅத்தின் வாடையே அறியாத நீதிபதிகள் பிரிந்து நிற்கிறார்கள்!

சரி, எண்ணெய் திராட்சையைப் போன்றதா, வாளைப் போன்றதா? ஒரு வகையில் வாளை நெருங்கி நிற்கிறது. திராட்சையைத் தின்னலாம், காய வைக்கலாம், வினிகர் ஆக்கலாம். மதுவாக்குவது வாங்கியவரின் தேர்வு. எண்ணெயில் சிறு பகுதி பிளாஸ்டிக், மருந்து முதலியவற்றிற்குப் போகிறது. மிகப் பெரும்பகுதி எரிக்கப்படுவதற்கே. எரிப்பதுதான் அதன் பயன். எரித்தால் புகை வந்தே தீரும். வாங்கியவர் நல்லவரா கெட்டவரா என்பதால் அது மாறாது. ஆகவே, ‘எனக்குத் தெரியாது’ என்று எண்ணெய் விற்பவர் சொல்ல வழியில்லை. ஷாஃபிஈ அறிஞர்கள் கேட்ட உறுதியான அறிவு இங்கே முழுமையாக இருக்கிறது.

ஆனால் இன்னொரு வகையில் அது இரண்டையும் போன்றதன்று. மது ஹராம், கலகம் ஹராம். அடுப்பெரிப்பது ஹராம் இல்லை. ஆம்புலன்ஸ் ஓடுவதும், குளிர்நாட்டில் கிழவி ஒருத்தியின் வீடு சூடாக இருப்பதும், ஹாஜிகள் விமானத்தில் செல்வதும் பாவமான செயல்களா? தனியாக எடுத்தால் ஒவ்வோர் எரிப்பும் ஆகுமான செயல். எல்லாம் சேர்ந்து கூடும்போது தீங்காகிறது. இத்தகைய தீங்கை ‘பாவத்திற்குத் துணை போதல்’ என்ற பாடத்தில் தேடுவதைவிட, அண்டை வீட்டாரின் உரிமை என்ற பாடத்தில் தேடுவது பொருத்தம் என்பது என் கருத்து. குளியல்கூடத்தின் புகையும் ரொட்டி அடுப்பின் புகையும் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தந்தால் தடுக்க வேண்டும் என்று மாலிக்கி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே ரொட்டி சுடுவது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ரொட்டி ஹலால், அடுப்பு ஹலால், அதில் வரும் லாபமும் ஹலால். ஆயினும் புகை யார் வீட்டிற்குள் போகிறது என்று காழி விசாரிப்பார்.

இன்று அந்தப் பக்கத்து வீடு வெகு தொலைவில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். உலகம் சூடேறியது அந்த மழையை மேலும் கடுமையாக்கியிருக்கக் கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உலகின் மொத்தப் புகையில் அந்நாட்டின் பங்கோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தங்கள் வீட்டிற்குள் யாருடைய புகை வந்தது என்று காழியிடம் போய்ச் சுட்டிக்காட்டக்கூட சிந்து மாநிலத்து விவசாயிக்கு வழியில்லை. அப்புகையில் எல்லோருடையதும் கலந்திருக்கிறது.

நார்வேக்காரர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்? நாங்கள் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார். எங்களைவிட அழுக்காக எடுத்து விற்பார் என்கிறார்கள். இது புதிய பதில் அன்று. நான் வட்டிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரர் கொடுப்பார் என்று நம் ஊரிலும் கேட்டிருக்கிறோம். ஒருவர் தம் செயலுக்குப் பதில் சொல்லும்போது அடுத்தவரின் செயலைக் காரணமாகக் காட்டினால் எந்த மத்ஹபிலும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அவர்களின் இன்னொரு பதிலில் கனம் இருக்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் ஐரோப்பாவிற்கு வந்து கொண்டிருந்த ரஷ்ய எரிவாயு பெருமளவு நின்றது. அந்த இடத்தை நிரப்பியதில் நார்வேயின் பங்கு பெரிது; ஐரோப்பிய யூனியனுக்கு எரிவாயு தரும் நாடுகளில் அதுவே முதலிடத்திற்கு வந்தது. அது இல்லையேல் அந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ வீடுகள் இருட்டில் நடுங்கியிருக்கும்; நிலக்கரி கூடுதலாக எரிந்திருக்கும். நிர்ப்பந்தம் என்பது ஷரீஅத் மதிக்கும் காரணம். எனினும் நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவே சலுகை என்பதும் அதே சட்டத்தின் பகுதி. அன்றைய குளிர்காலத்திற்கான காரணத்தைக் காட்டி, இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் எண்ணெய் தரப்போகும் புதிய வயல்களைத் திறக்கலாமா?

எனவே, நார்வே எண்ணெய் விற்பது ஹராம் என்று நான் எழுதவில்லை. அந்தத் தீர்ப்பை இவ்வளவு எளிதாக ஒருவர் வழங்கிவிட முடியாது. வழங்கினால் நம் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நான் சொல்ல வருவது வேறு. விற்பது ஆகுமானதாகவே இருக்கட்டும். ஆனால் விற்ற பணத்தில் வாங்கிய சுத்தத்தைக் காட்டி, ‘தீங்கில்லாமல் வளர்ந்தோம்’ என்று சாட்சி சொல்ல முடியுமா? மின்சாரக் காருக்கு அரசு விட்டுக் கொடுத்த வரிகளின் பின்னால், எண்ணெய் விற்ற பணம் நிறைந்த கஜானா இருந்தது. அக்காரின் அருமையை இது குறைத்துவிடாது. ஆனால், எண்ணெய் இல்லாத நாட்டிடம் போய், ‘நார்வேயைப் போல் வளர்’ என்று சொல்லும்போது, எதை விற்று வளர்வது என்பதை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

அந்தப் பொறியியல் மாணவர் இன்னொன்றும் கேட்டிருக்கலாம்: எண்ணெயை விடுங்கள், காற்றாலையிலும் அணையிலும் என்ன குற்றம்? அதையும் பார்த்துவிடுவோம்.

நார்வேயின் வடபகுதியில் சாமி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கலைமான் மந்தைகளை மேய்ப்பது அவர்களில் பலரின் பரம்பரைத் தொழில். 1970களின் இறுதியில் ஆல்டா ஆற்றில் நீர்மின் அணை கட்ட அரசு முற்பட்டபோது அவர்கள் எதிர்த்தார்கள். 1979இல் தலைநகர் ஆஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டி முடிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, ஃபோசன் தீபகற்பத்தில் ஸ்டோர்ஹெய்யா, ரோவன் என்ற இரு இடங்களில் 151 காற்றாலைகள் எழுந்தன. குளிர்காலத்தில் மந்தைகள் மேயும் மலைகள் அவை. சுழலும் ஆலைகளைக் கண்டு கலைமான்கள் ஒதுங்கிப் போய்விடுகின்றன. வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே ஆலைகளைக் கட்டினார்கள். 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம், அந்த உரிமங்கள் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவதால் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் ஆலைகள் நிற்கவில்லை. ஐந்நூறு நாட்கள் ஆனபோது, 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் அமைச்சகத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஸ்வீடன் நாட்டின் கிரெட்டா துன்பெர்க்கும் அவர்களோடு உட்கார்ந்தார். காற்றாலைக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர் காற்றாலைக்கு எதிரே உட்கார்ந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. இறுதியில் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் இரு மேய்ச்சல் குழுவினரோடும் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. ஆலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. காற்றாலை கெட்டதென்று இவ்விதி கூறவில்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறது. பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தில் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருவதும், அங்குக் கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்கள் வேலை செய்வதை அம்னெஸ்டி அமைப்பு 2016இல் எடுத்துக் காட்டியதும் இதே பாடத்தைச் சேர்ந்தவை. கோபால்ட் இல்லாத பேட்டரிகளும் வந்திருக்கின்றன. அது நல்ல செய்தி.

பிறகு, அளவு. ஓடும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளூச் செய்தாலும் தண்ணீரை அளவுக்கு மேல் செலவிடுவது மக்ரூஹ் என்று சிறு பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கிறோம். ஆற்றில் தண்ணீர் குறையப் போவதில்லை. அது அழுக்காகப் போவதுமில்லை. பிறகு ஏன்? தீங்கு இருந்தால்தான் விரயம் என்பதில்லை என்று இந்தச் சட்டம் நமக்குக் காட்டுகிறது. நார்வேயில் மின்சாரக் கார் வாங்கிய வீடுகள் பலவற்றில் பழைய காரும் வாசலில் நின்றது; பஸ்ஸில் போனவர்கள் சிலர் பஸ்ஸை விட்டார்கள். சுத்தமான கார், வரியும் இல்லை, சுங்கமும் இல்லை, பிறகென்ன தயக்கம்? பின்னர் அரசாங்கமே விழித்துக் கொண்டு, 2023 முதல் விலை உயர்ந்த மின்சாரக் கார்களுக்கு விற்பனை வரியையும் எல்லாக் கார்களுக்கும் எடைக்கேற்ற வரியையும் கொண்டு வந்தது. தொழில்நுட்பம் ஒவ்வொரு பொருளிலும் உள்ள தீங்கைக் குறைத்துத் தரும். எத்தனை பொருள் வேண்டும் என்பதை அது சொல்லித் தராது. போதும் என்ற மனம் எதற்கு என்று கேட்ட இளைஞருக்கு அதை எடுத்துச் சொன்னேன். முழுதும் ஒப்புக் கொண்டாரா என்று தெரியவில்லை. மின்சாரக் காரின் எடை வரியைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கிறிஸ்தவ நாடொன்றின் குறையை மௌலவி எழுதிவிட்டார் என்று யாரும் மகிழ வேண்டாம். நார்வேயைவிட அதிகமாக எண்ணெய் விற்பவர்கள் நம்மவர்களே. சவூதி அரேபியா, இராக், குவைத், ஐக்கிய அரபு அமீரகம், எரிவாயுவில் கத்தார். 1970களிலிருந்து தமிழகத்து முஸ்லிம் வீடுகள் எத்தனையோ அந்தச் செல்வத்தால் நிமிர்ந்தன. குமருகளுக்குக் கல்யாணம் ஆனதும், ஓட்டு வீடு மாடி வீடானதும், எத்தனையோ பள்ளிவாசல்களுக்கு மினாரா எழும்பியதும் அதனால்தான். அந்த ஊதியம் ஹலாலா என்று சிலர் உடனே அஞ்சக்கூடும். ஹலால்தான், வெயிலில் உழைத்தவரின் கூலியில் என்ன சந்தேகம்? நான் கேட்பது கூலியைப் பற்றி அன்று.

அமீரகம் 2050ஆம் ஆண்டுக்குள்ளும், சவூதி அரேபியா 2060ஆம் ஆண்டுக்குள்ளும் தங்கள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்கப் போவதாக 2021இல் அறிவித்தன. 2023இல் துபாயில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது அதற்குத் தலைமை வகித்தவர் அபுதாபி அரசு எண்ணெய்க் கம்பெனியின் தலைவர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து படிப்படியாக விலகுவது என்று அங்கே எல்லா நாடுகளும் ஒப்புக் கொண்டது உண்மையில் பெரிய காரியம். ஆனால் 2050, 2060 என்ற வாக்குறுதிகள் நார்வேயின் கணக்கைப் போன்றவையே. எல்லைக்குள் எரிவது மட்டும் எண்ணப்படும். பாலைவனத்தில் பரந்த சூரிய மின்தகடுகளை விரித்து, உள்நாட்டு மின்சாரத்திற்கு எரித்த எண்ணெயை மிச்சப்படுத்தி, மிச்சமானதைக் கப்பலேற்றினாலும் அக்கணக்கில் வாக்குறுதி நிறைவேறியதாகவே ஆகும்.

அந்தக் கப்பல்களில் பல இந்தியாவிற்கு வருகின்றன. நம் நாட்டிற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதே. ஜுபைலிலும் ரூவைஸிலும் மகன் வேலை பார்க்கும் நிலையத்திலிருந்து புறப்பட்ட எண்ணெய், இங்கே தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் எரிகிறது. அந்தப் புகை இந்தியாவின் கணக்கில் எழுதப்படுகிறது. மகன் அனுப்பிய பணத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிளும் வாங்கியது. ஒரே குடும்பத்திற்குள் விற்றவரும் எரித்தவரும் இருக்கும்போது, இதில் யாரை திராட்சை விற்றவர் என்பது, யாரைப் பிழிந்தவர் என்பது? வியாபாரப் பாடம் நடத்தும் நம் உலமாக்கள், மதுவைப் பற்றிப் பேசி முடித்த கையோடு இந்த மஸ்அலாவையும் பிள்ளைகளின் முன் வைத்தால், அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள்.